சின்ன வாஷிங் மெஷினில் அன்றாடத் துணி துவைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒற்றை அறையில் தங்கி வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் இருவராக இருக்கும் பெரியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடு. இந்த மூன்று இடங்களில்தான் சின்ன வாஷிங் மெஷின் அதன் விலைக்கு உழைக்கிறது. நாலு பேர் குடும்பத்தின் ஒரு வாரத் துணியை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் போட்டு எடுக்கலாம் என்று வாங்கினால் சீக்கிரமே அது பரணுக்குப் போய்விடும். அது மோட்டார் வைத்த வாளி, அவ்வளவுதான். தண்ணீரை நீங்கள்தான் ஊற்ற வேண்டும், நீங்கள்தான் வடிக்க வேண்டும், துணியை மாற்றி மாற்றி எடுத்துப் போடுவதும் நீங்கள்தான். கும்மிக் கசக்குகிற வேலையை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. இடுப்பையும் மணிக்கட்டையும் பதம் பார்ப்பது அந்த வேலைதான் என்பதால் அதுவே பெரிய உதவி.

கீழே எழுதியிருப்பது சென்னை மாதிரி ஊரில், சின்ன பாத்ரூமும் போர் தண்ணீரும் உள்ள வாடகை வீட்டை மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்கள் தண்ணீர் சம்பந்தப்பட்டதை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எந்த மெஷின்?

"மினி", "போர்ட்டபிள்" என்ற பெயரில் மூன்று வகை விற்கிறார்கள். முதல் வகை, ஒற்றைத் தொட்டி மெஷின். பெட்டியில் 3 கிலோ என்று போட்டிருக்கும். அடியில் ஒரு சுழல்தட்டு, முறுக்கி விடுகிற டைமர், துணி பிழிய உள்ளே பொருத்தும் ஒரு கூடை, தண்ணீர் வடிய ஒரு ஹோஸ். வாங்குவதானால் இதை வாங்குங்கள். இரண்டாவது, அக்கார்டியன் மாதிரி மடங்கும் ரப்பர் டப். அடாப்டரில் ஓடும், சில லிட்டர் தண்ணீர்தான் கொள்ளும். குழந்தைத் துணி, உள்ளாடை, சாக்ஸ் ஆகியவற்றோடு அதன் எல்லை முடிந்தது. மூன்றாவது, வாளிக்குள் போட்டுவிடுகிற வட்டத் தட்டு. "அல்ட்ராசோனிக்" என்று விளம்பரம் செய்வார்கள். நாலு கைக்குட்டையை அலசும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல துணி பிரஷ் வாங்கினால் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. இனி நான் பேசுவது முதல் வகையைப் பற்றி.

வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிழியும் கூடைக்கு எவ்வளவு கொள்ளளவு? 3 கிலோ துவைக்கும் மெஷினில் கூடை அதில் பாதியைத்தான் தாங்கும். அதாவது ஒரு முறை துவைத்ததை இரண்டு தடவையாகப் பிழிய வேண்டும்.

இடமும் கரண்டும்

ஹோஸ் வழியாகத் தண்ணீர் தானாக வடிய வேண்டும் என்பதால் மெஷின் பாத்ரூம் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைக்காதீர்கள். தண்ணீர் நிரப்பினால் மொத்த எடை 25 கிலோவைத் தாண்டிவிடும், பிழியும்போது அதிரவும் செய்யும். நாலு செங்கல், அதன் மேல் ஒரு கடப்பா கல் துண்டு போதும். அதற்கும் வழியில்லை என்றால் தரையிலேயே வைத்து, ஹோஸை வடிகால் வாய்க்கு நேராகப் படுக்க விடுங்கள். கடைசி ஒரு லிட்டர் தண்ணீரைச் சாய்த்துத்தான் கொட்ட வேண்டியிருக்கும்.

இந்த மெஷின்கள் பெரும்பாலும் 350 வாட்டுக்குள்தான் இழுக்கும். சாதாரண 5 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்டே தாராளம். ஆனால் மூன்று முள் பிளக்கும் ஒழுங்காக வேலை செய்யும் எர்த்தும் கட்டாயம். மூன்று முள்ளை இரண்டாக்கும் கன்வெர்ட்டரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈரத் தரையில் வைக்காமல் சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். டைமரை நிறுத்தினால் மட்டும் போதாது. தண்ணீரைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்று இருந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்ப்ஸ் மின்கசிவுக்கே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருந்தால் இன்னும் நிம்மதி.

கரண்ட் பில் பற்றிக் கவலை வேண்டாம். துவைத்து, இரண்டு முறை அலசி, பிழிந்து முடிக்க 22 நிமிடம் ஓடுகிறது, 300 வாட் இழுக்கிறது என்று வைத்தால் 0.11 யூனிட். தினமும் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்டைத் தாண்டாது. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து அவர் சொல்லும் விலைக்குப் பணம் வாங்கினாலும் பெரிதாக ஏறாது.

3 கிலோ என்றால் எத்தனை துணி?

பெட்டியில் சொல்லும் எடை உலர்ந்த துணியின் எடை. அதுவும் உச்ச அளவு. அந்த அளவுக்குத் திணித்தால் துணி நகராது, நடுவில் சுற்றுவது மட்டும் வெளுத்து ஓரத்தில் இருப்பது அழுக்கோடே வரும். 3 கிலோ மெஷினில் ஒன்றரை, மிஞ்சிப் போனால் 2 கிலோ போடுங்கள்.

எடைக் கணக்கு தோராயமாக இப்படி: காட்டன் சட்டை 200 முதல் 250 கிராம், டி-ஷர்ட் 150 முதல் 200, பனியன் 100க்குள், லுங்கி 250 முதல் 300, நைட்டி 250 முதல் 350, காட்டன் புடவை 400 முதல் 600. ஜீன்ஸ் ஒன்றே 600 முதல் 800. தடித்த டர்க்கி டவல் அரை கிலோ. ஈரோட்டு மெல்லிய துண்டு அதில் கால் பங்குகூட இருக்காது. இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் டர்க்கி டவலை விட்டுவிட்டு ஈரிழைத் துண்டுக்கு மாறுவது நல்லது. துவைக்கவும் பிழியவும் காயவும் எல்லாவற்றுக்கும் அதுதான் லகு.

இரண்டு சட்டை, இரண்டு டி-ஷர்ட், மூன்று பனியன், ஒரு நைட்டி, ஒரு துண்டு, கொஞ்சம் உள்ளாடை. இது ஒரு நல்ல ஈடு. இருவர் உள்ள வீட்டில் ஒரு நாள் துணி கிட்டத்தட்ட இவ்வளவுதான் இருக்கும். தினமும், அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டு எடுப்பதுதான் இதன் முறை.

ஜீன்ஸ் போட வேண்டியிருந்தால் ஒன்றே ஒன்று, கூட இரண்டு டி-ஷர்ட். போர்வை, ஜமுக்காளம், கனத்த திரைச்சீலை வேண்டாம். பட்டு, ஜரிகை, கம்பளி எதுவும் கிட்டேயே வரக் கூடாது. சுங்குடி மாதிரி சாயம் போகிற துணியை, நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அது தனி வாளிக்கு.

போடுவதற்கு முன்

பாக்கெட்டைத் துழாவுங்கள். சில்லறை, ஊக்கு, ஹேர்பின் ஆகிய மூன்றும் சுழல்தட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாவாடை, சுடிதார் பேண்ட் நாடாக்களை ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஐந்தே நிமிடத்தில் எல்லாத் துணியையும் ஒன்றாகக் கட்டி ஒரு புரி ஆக்கிவிடும், தட்டும் திணறும். துப்பட்டாவும் அப்படித்தான். அதையும் உள்ளாடைகளையும் வலைப்பையில் போடுங்கள். வலைப்பை இல்லையென்றால் பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டினால் போதும். பிரா கொக்கிகளை மாட்டிவிட்டுப் போடுங்கள். அச்சடித்த டி-ஷர்ட்டை உள்வெளியாகத் திருப்புங்கள்.

கறையை முதலில் கையால் கவனிக்க வேண்டும். சின்ன மெஷினின் வேகத்துக்கு கறை போகாது. சட்டைக் காலரும் கை மடிப்பும் அதில் தானாக வெளுத்து நான் பார்த்ததில்லை. நனைத்து, சோப்புக் கட்டியால் ஒரு தேய் தேய்த்து, பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்துப் பத்து நிமிடம் வைத்தால் மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் துலக்கும் லிக்விட் இரண்டு சொட்டு, தண்ணீர் படும் முன்பே. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் ரத்தத்திலுள்ள புரதம் இறுகி நூலோடு பிடித்துக்கொள்ளும். டீ, காபி விழுந்தால் உடனே தண்ணீரில் அலசிவிட்டாலே முக்கால்வாசி போய்விடும். பேனா மைக்கு ஹேண்ட் சானிடைசரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும்.

சாம்பார், மஞ்சள் கறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சோப்பு பட்டதும் அது திடீரென்று சிவப்பாக மாறும். புதிதாகத் துவைப்பவர்கள் அதைப் பார்த்துப் பதறி இன்னும் சோப்பைப் போடுவார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின், சோப்பிலுள்ள காரம் (ஆல்கலி) பட்டால் சிவக்கும், காரம் போனால் பழையபடி மஞ்சளாகும். அதனால் துணிக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. அந்தக் குர்குமினுக்கு எமன் வெயில். துவைத்தபின் மஞ்சள் லேசாகத் தங்கியிருந்தாலும் கறைப் பக்கம் வெயிலைப் பார்க்கும்படி ஈரத்தோடு காயப்போடுங்கள், இரண்டு மூன்று நல்ல வெயிலில் மங்கிவிடும்.

துவைப்பது

1. வடிகால் ஹோஸை மேலே தூக்கி, பக்கத்திலுள்ள கொக்கியில் மாட்டுங்கள். கீழே கிடந்தால் ஊற்ற ஊற்றத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

2. தொட்டியில் பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். தலையணை உறை, எண்ணெய்ப் பிசுக்குள்ள துணி இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. கை பொறுக்கும் சூட்டைத் தாண்ட வேண்டாம். தொட்டி பிளாஸ்டிக், அடியில் ரப்பர் சீல் இருக்கிறது.

3. சோப்புத்தூளை முதலில் போட்டு, துணி இல்லாமல் அரை நிமிடம் ஓடவிடுங்கள். கறுப்பு பேண்டில் வெள்ளைத் திட்டு விழுவது கரையாத தூளால்தான். 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி தட்டித் தலைதட்டிப் போட்டால் போதும். மெஷினுக்கென்று விற்கும் தூளோ லிக்விடோ வாங்குங்கள். கைத்துவைப்புத் தூள் நுரைத்துத் தள்ளும். நுரை அதிகமானால் துணிகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கும், அழுக்குப் போகாது, அலச மட்டும் ஒரு தொட்டித் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும்.

4. துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் போடுங்கள். சுருட்டி உருண்டையாகப் போடக் கூடாது. பிறகு துணி மூழ்கி மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்வரை ஊற்றுங்கள்.

5. அழுக்கு அதிகம் என்றால் ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள். வியர்வை மட்டும் என்றால் ஊறவைக்கத் தேவையில்லை.

6. டைமரை வலப்பக்கமாக மட்டும் திருப்புங்கள். அவசரப்பட்டு எதிர்ப்பக்கம் முறுக்கினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் போய்விடும். அன்றாடத் துணிக்கு 5 முதல் 6 நிமிடம், வெளியே அலைந்து வந்த துணிக்கு 10 நிமிடம். அதற்கு மேல் ஓட்டினால் நூல்தான் தேயும்.

7. முதல் ஒரு நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள். மேலே தெரிகிற ஒரு சட்டையைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்துக்குள் அது கீழே போய் மறுபடி மேலே வர வேண்டும். ஒரே இடத்தில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தால் நேரத்தைக் கூட்டாதீர்கள், இரண்டு துணியை வெளியே எடுங்கள். இந்த ஒரு சோதனையைப் பழகிக்கொண்டால் கிலோ கணக்கையே மறந்துவிடலாம்.

போர் தண்ணீர்

உப்புத் தண்ணீரில் துவைத்த வெள்ளைத் துணி நாளடைவில் சாம்பல் பூத்து, துண்டு அட்டை மாதிரி ஆகிவிடும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் செய்கிற வேலை அது. குடிநீருக்கான இந்தியத் தரவரையறை ஐஎஸ் 10500 கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லி கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. சென்னையின் பல தெருக்களில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதைக் குழாயில் பூத்திருக்கும் வெள்ளைப் படிவமே சொல்லிவிடும்.

வீட்டிலேயே பார்க்க, ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர், அதில் குளியல் சோப்புச் சீவல் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் மேலே தயிர்த் திப்பி மாதிரி மிதந்தால் கடினத் தண்ணீர். அப்படி என்றால் தூளை அரைக் கரண்டி கூட்டுங்கள். துவைப்பதும் முதல் அலசலும் போர் தண்ணீரில் நடக்கட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஒரு வாளி ஒதுக்குங்கள். துணியில் கடைசியாகத் தங்கிக் காய்கிற தண்ணீர் எதுவோ அதன் உப்புதான் துணியில் நிற்கும்.

அலசுவதும் தண்ணீர்க் கணக்கும்

சோப்புத் தண்ணீரை வடித்ததும் நேரே புதுத் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அதற்கு முன் துணியைப் பிழிய வேண்டும். கணக்குப் போட்டே பார்க்கலாம். பிழியாத துணி 2 லிட்டர் சோப்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மொத்தம் 20 லிட்டரில் அலசுகிறீர்கள் என்றால் சோப்பு பத்தில் ஒரு பங்காகும், இரண்டாவது அலசலில் நூறில் ஒரு பங்கு. அதே துணியை ஒவ்வொரு முறையும் பிழிந்து 1 லிட்டராகக் குறைத்துவிட்டு அலசினால் இருபதில் ஒன்று, பிறகு நானூறில் ஒன்று. அதே தண்ணீரில் நாலு மடங்கு சுத்தம். ஒவ்வொரு அலசலும் 2 முதல் 3 நிமிடம் ஓடினால் போதும். கைக்குழந்தைத் துணிக்கும் தோல் அரிப்பு உள்ளவர்களின் துணிக்கும் மூன்றாவது ஒரு அலசல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிர் நிறம் ஒரு ஈடு, கருநிறம் ஒரு ஈடு என்று இரண்டு போடும்போது தனித்தனியாகச் செய்தால் ஆறு தொட்டி, 120 லிட்டர். அதை 80 லிட்டரில் முடிக்கலாம். வெளிர் துணியைத் துவைத்து, தொட்டித் தண்ணீரை வடிக்காமல் கையால் பிழிந்து வாளியில் எடுத்து வையுங்கள். அதே சோப்புத் தண்ணீரில் அரைக் கரண்டி தூள் சேர்த்துக் கருநிறத் துணியைத் துவைத்து எடுங்கள். தொட்டியை வடித்து, வெளிர் துணிக்கு இரண்டு அலசல். அந்த இரண்டாவது அலசல் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், அதைக் கொட்டாமல் கருநிறத் துணிக்கு முதல் அலசலாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு ஒரு புதுத் தண்ணீர். கடைசியாக வடிகிற தண்ணீர் கக்கூசுக்கு ஊற்றவும் பால்கனி கழுவவும் ஆகும். வெயில் காலத்தில் லாரிக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிழிவது

கூடையைப் பொருத்தும் முன் தொட்டித் தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டதா பாருங்கள். ஹோஸ் கீழேயே இருக்க வேண்டும். கூடையின் அடிப்பாகம் தண்ணீரில் உரசினால் மோட்டார் முனகும், வேகம் பிடிக்காது. கூடையைச் சுழல்தட்டின் மேல் வைத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். துணியை ஒரே பக்கமாகத் திணிக்காமல் ஓரத்தைச் சுற்றி வளையமாக அடுக்கி, நடுவைக் காலியாக விடுங்கள். உள்மூடியைத் துணிமேல் அழுத்தி வைத்தபின் வெளிமூடி.

தடதடவென்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். துணி ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்ப அடுக்குங்கள். கையால் மெஷினை அமுக்கிப் பிடித்து ஓட்டுகிற வீடுகள் உண்டு. அப்படிச் செய்தால் கூடையின் கழுத்து விரைவில் உடையும். 3 நிமிடம் போதும். பெரிய மெஷின் பிழிகிற அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். சொட்டுவது நிற்கும், ஈரம் இருக்கும். மூடியைத் திறக்கும் முன் கூடை முழுக்க நிற்கட்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சலுகையே கிடையாது.

சொட்டு நீலமும் கஞ்சியும் மெஷினுக்குள் வேண்டாம். நீலத்தை அரை வாளித் தண்ணீரில் முதலில் கலந்துவிட்டுப் பிறகு வெள்ளைத் துணியை முக்கி எடுங்கள். கஞ்சி போட்டது தொட்டி இடுக்கில் ஒட்டினால் பூஞ்சை வரும், மறுநாள் துணியில் புளித்த வாடை அடிக்கும்.

காயப்போடுவது

உதறு, உதறு, இன்னொரு முறை உதறு. அயர்ன் வேலை பாதி குறையும். சட்டையை ஹேங்கரில் போட்டால் தோளில் கிளிப் தடம் விழாது. நிறத் துணி உள்வெளியாக, வெள்ளை நேர் வெயிலில்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் சோதனை. இரண்டு நாள் ஈரமாகவே கிடக்கும் துணியில் வருகிற அந்த முடை நாற்றத்துக்குக் காரணம் மொராக்செல்லா என்ற பாக்டீரியா. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத் துணியிலிருந்தே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். செண்ட் வாசனை லிக்விட் ஊற்றினால் அது போகாது, சீக்கிரம் காயவைப்பதுதான் வழி. மழைக்காலத்தில் ஈட்டைப் பாதியாகக் குறையுங்கள், இருமுறை பிழியுங்கள். ஒவ்வொரு துணியையும் காய்ந்த துண்டில் பாய் மாதிரி சுருட்டி முழங்காலால் ஒரு அமுக்கு அமுக்கினால் மிச்ச ஈரத்தில் பெரும்பகுதியைத் துண்டு வாங்கிக்கொள்ளும். பிறகு மின்விசிறிக்குக் கீழே, துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி. நாற்றம் ஏற்கெனவே பிடித்துவிட்டதென்றால், நிறம் போகாத பருத்தித் துணியாக இருந்தால், வாளியில் கொதி ஆறிய சுடுதண்ணீரில் அரை மணி நேரம் போட்டுவிட்டு மறுபடி துவையுங்கள்.

மெஷினைப் பார்த்துக்கொள்வது

ஒவ்வொரு முறையும் முடிந்தபின் ஹோஸில் தங்கியதையும் வடித்து, தொட்டியைத் துடைத்து, மூடியைத் திறந்து வையுங்கள். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கி ஒரு வாரம் சும்மா கிடந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும்.

மாதம் ஒரு முறை தொட்டி நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஐந்து நிமிடம் ஓட்டி, 20 நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். உப்புப் படிவம் கரைந்துவிடும். அன்றைக்கு பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ எதுவும் சேரக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவடைத்த பாத்ரூமில் அது ஆபத்து.

மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுழல்தட்டின் நடுவிலுள்ள ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டைத் தூக்கிப் பாருங்கள். தலைமுடி சுற்றிய நூல் பிசிறு, சாம்பல் நிறச் சேறு, எங்கோ போன பட்டன், துருப்பிடித்த ஒரு ஊக்கு எல்லாம் கிடக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஸ்க்ரூவில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி மாட்டுங்கள். உப்புத் தண்ணீரில் அந்த ஸ்க்ரூ துருவேறி இறுகிவிட்டால் அப்புறம் கழற்றவே முடியாது.

மோட்டார் 'உம்' என்று முனகுகிறது, தட்டு சுற்றவில்லை என்றால் முதலில் அடியில் ஏதாவது சிக்கியிருக்கிறதா பாருங்கள். கையால் சுற்றினால் லேசாகச் சுற்றியும் கரண்டில் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். விலை குறைந்த பொருள், ஆனால் கரண்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் மெக்கானிக் கையில் விடுங்கள். அடுத்தடுத்து நாலைந்து ஈடு ஓட்டி மோட்டார் சூடாகித் தானாக நின்றிருந்தால் அது கோளாறு இல்லை, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஓடும்.

கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். பல மெஷின்களின் அடிப்பாகம் திறந்தேதான் இருக்கும், எலி உள்ளே போய் ஒயரையும் ஹோஸையும் கடித்துவிடும். கொசுவலைத் துணி அதற்கு ஒரு வாய். ஹார்டுவேர் கடையில் இரும்புச் சல்லடை வலை வாங்கி, அடிக்கு அளவாக வெட்டி, நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு மூடிவிடுங்கள்.